பென் டூலில் வெட்டிய படம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

தி.நகரிலும் சௌகார்பேட்டையிலும் இருக்கிற நகைக்கடை, புடவைக்கடைகளின் கேட்லாக் படங்களுக்குப் பின்னணி நீக்கிக் கொடுப்பது பல வருடமாக என் வேலை. இப்போது கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரே கிளிக்கில் பின்னணியை எடுத்துவிடும் வசதிகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் வெள்ளைத் துணியின் மேல் வைத்த எவர்சில்வர் டம்ளரையோ, சுற்றியிருப்பதையெல்லாம் தன்மேல் காட்டும் தங்க வளையலையோ அவற்றிடம் கொடுத்துப் பாருங்கள். பொருள் எங்கே முடிகிறது, பிரதிபலிப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஓரத்தைக் கடித்து வைத்துவிடும். அங்கே, பொருளின் ஓரத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து நாமே வரைகிற ஃபோட்டோஷாப்பின் பென் டூல்தான் கைகொடுக்கிறது.

கற்றுக்கொள்கிறவர்கள் ஓடி வந்து காட்டுகிற கோளாறுகளைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பென் டூலில் வரைகிற கோட்டுக்குப் பாத் என்று பெயர், அதை வைத்துப் படத்தில் தேர்ந்தெடுக்கிற பகுதிதான் செலக்‌ஷன். செலக்‌ஷனில் தெரிகிற கோளாறுகளில் பெரும்பாலானவை செலக்‌ஷனில் பிறந்தவை அல்ல. பாத் வரையும்போதோ, அதற்கும் முன்னால் மேலே இருக்கிற ஒரு செட்டிங்கிலோ பிறந்தவை. அதனால் செலக்‌ஷன் கோணலாக வந்தால் லாசோவை (கையால் சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுக்கும் டூல்) எடுத்து அங்கங்கே ஒட்டுப்போட உட்காராதீர்கள். கண்ட்ரோல் டி (D) தட்டி அதைக் கலைத்துவிட்டு பாத்துக்குத் திரும்பிப் போங்கள். பாத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்திய பிறகு புது செலக்‌ஷன் எடுக்க ஒரு நொடி போதும்.

ஃபோட்டோஷாப்பை வைத்தே எழுதுகிறேன். கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கடைசிப் பக்கமாக ஒரு பகுதி இருக்கிறது. மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் என்று வருகிற இடத்தில் கமாண்ட் என்றும், ஆல்ட் என்று வருகிற இடத்தில் ஆப்ஷன் என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

பி (P) தட்டினால் பென் டூல் வரவில்லை

விளம்பர வேலை செய்கிற நம் ஊர் சிஸ்டங்களில் இதற்கு முதல் காரணம் தமிழ் கீபோர்டு. "ஆடித் தள்ளுபடி" என்று தமிழில் டைப் செய்துவிட்டு, கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றாமல் பி தட்டுவீர்கள். அந்தக் கீயில் இப்போது வேறு எழுத்து உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ்பார் தட்டி ஆங்கிலத்துக்கு வாருங்கள். தமிழ் டைப்பிங்குக்குத் தனி மென்பொருள் போட்டிருந்தால் அதை அணையுங்கள்.

ஆங்கிலம்தான் இருக்கிறது என்றால், கர்சர் ஏதாவது ஒரு பெட்டிக்குள் துடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டெக்ஸ்ட் டூல் திறந்தே இருக்கலாம். எஸ்கேப் தட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பென் வந்துவிட்டது, ஆனால் கிளிக் செய்தால் புள்ளி விழாமல், மவுஸை இழுத்தபடி கிறுக்கலாகக் கோடு வருகிறது என்றால் கையில் இருப்பது ஃப்ரீஃபார்ம் பென். ஒவ்வொரு கிளிக்குக்கும் கோடு தானாகவே வளைகிறது என்றால் அது கர்வேச்சர் பென். டூல்பாரில் பென் ஐகானை அழுத்திப் பிடித்தால் எல்லாம் வரிசையாக வரும். முதலில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளிக் செய்யச் செய்ய பொருளின் மேல் நிறம் நிரம்புகிறது

மேலே ஆப்ஷன்ஸ் பாரில் இடதுபக்கம் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். அதில் "ஷேப்" என்று இருக்கிறது. "பாத்" என்று மாற்றுங்கள். கடைசியாக வைத்ததையே ஃபோட்டோஷாப் நினைவில் வைத்துக்கொள்ளும். காலையில் யாராவது அதே சிஸ்டத்தில் லோகோ வரைந்துவிட்டுப் போயிருந்தால் மதியம் நீங்கள் உட்காரும்போது ஷேப்தான் இருக்கும்.

பாதி பொருளைச் சுற்றி வந்த பிறகுதான் கவனித்தீர்களா? அழிக்க வேண்டாம். அதே பாரில் ஃபில் என்ற இடத்தில் நிறம் வேண்டாம் என்று கொடுங்கள். நிறம் போய்விடும், படம் தெரியும், மீதியையும் வரைந்து முடிக்கலாம். முடித்ததும் அந்த ஷேப் லேயர் தேர்வில் இருக்கும்போது வரைந்த பாத்களைப் பட்டியலிடும் பாத்ஸ் பேனலைப் பார்த்தால் அதன் பாத் சாய்ந்த எழுத்தில் நிற்கும். அதை டபுள் கிளிக் செய்து பெயர் கொடுத்துச் சேமித்துக்கொண்டால், ஷேப் லேயரை அழித்தாலும் பாத் மிஞ்சும்.

வளைவு பொருளோடு ஒட்டாமல் எங்கேயோ போகிறது

அதிகம் பேர் பென் டூலைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இந்த வளைவுகளின் கணக்கு பிரான்ஸில் கார் கம்பெனிகளில் பிறந்தது. சிட்ரோயனில் இருந்த பால் த காஸ்டல்ஜோ 1959லேயே இதைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் முதலில் வெளியே தெரிய வைத்தவர் ரெனோவில் இருந்த பியர் பெசியே, அதனால் பெயரும் அவருடையதாகிவிட்டது. காரின் உடலை ஒரு சில புள்ளிகளால் விவரிக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் தேவை. நமக்கும் அதேதான். குறைந்த புள்ளிகளில் ஒரு வழவழப்பான ஓரம் வேண்டும்.

சிக்குக் கோலம் போட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும், ஒரே ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால். கோலத்தில் இழை புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகும், புள்ளியைத் தொடாது. பென் டூலில் இழை, நீங்கள் வைக்கிற புள்ளியான ஆங்கர் பாயின்ட் வழியாகவே போகும். புள்ளி வைத்து மவுஸை இழுக்கும்போது அதிலிருந்து முளைக்கும் கம்பிதான் ஹேண்டில். இழையைத் தொடாமல் வெளியே நின்று இழுப்பது அந்த ஹேண்டிலின் நுனி. புதிதாக வருகிறவர்கள் ஹேண்டில் நுனியைப் பொருளின் ஓரத்தில் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறார்கள். அது ஓரத்தில் இருக்கவே கூடாது. ஓரம் அந்தப் புள்ளியில் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையைக் காட்டிக்கொண்டு, விலகித்தான் நிற்கும்.

இனி நீங்கள் பார்ப்பது எந்த வகை என்று பாருங்கள்.

ஒரே பக்கம் வளைய வேண்டிய ஓரம் பாம்பு மாதிரி நெளிகிறதா? முதல் புள்ளியில் மேல்நோக்கி இழுத்திருப்பீர்கள், அடுத்ததிலும் மேல்நோக்கியே இழுத்திருப்பீர்கள். இரண்டையும் ஒரே பக்கம் இழுத்தால் நெளிவு வரும், எதிரெதிர் பக்கம் இழுத்தால் வில் வரும். கண்ட்ரோலை அழுத்திப் பிடித்தால் பென் தற்காலிகமாக வெள்ளை அம்பாக மாறும். இரண்டாவது புள்ளியின் ஹேண்டிலைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

வளைவு முடிந்து ஒரு கூர்முனை வருகிறது, அடுத்த கோடு நேராகப் போக வேண்டும், ஆனால் வீங்கிக்கொண்டு போகிறதா? குத்துவிளக்கின் தட்டு தண்டோடு சேரும் இடத்தில் எப்போதும் இது நடக்கும். நீங்கள் இழுக்கும்போது ஹேண்டில் இரண்டு பக்கமும் முளைக்கிறது. முன்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதுதான் அடுத்த கோட்டையும் தள்ளுகிறது. ஆல்ட் அழுத்தியபடி அந்தப் புள்ளியின் மேலேயே ஒரு கிளிக். முன் ஹேண்டில் போய்விடும், பின்பக்க வளைவு அப்படியே இருக்கும். அடுத்ததும் வளைவுதான், ஆனால் வேறு திசையில் என்றால் ஆல்ட் அழுத்தியபடி அந்த முன் ஹேண்டிலை மட்டும் பிடித்து வேண்டிய திசைக்குத் திருப்புங்கள்.

ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன மேடு பள்ளமாக இருக்கிறதா? புள்ளிகள் அதிகம். டவராவின் வாய் மாதிரி ஒரு நீள்வட்டத்துக்கு நாலு புள்ளி போதும்: மேலே, கீழே, இடது, வலது ஓரங்களின் உச்சியில் ஒவ்வொன்று. முழு வட்டத்துக்கும் நாலேதான். அப்போது ஹேண்டிலின் நீளம் ஆரத்தில் சுமார் 0.55 பங்கு இருந்தால் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். மற்ற வளைவுகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற கணக்கு, ஹேண்டில் அந்த வளைவின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஷிப்ட் அழுத்திக்கொண்டு இழுத்தால் ஹேண்டில் நேராகவோ, படுக்கையாகவோ, 45 டிகிரியிலோ நிற்கும். டம்ளர், செம்பு, வளையல் எல்லாவற்றுக்கும் அது உதவும்.

எங்கே புள்ளி வைப்பது என்று கேட்டால், ஓரத்தின் போக்கு மாறுகிற இடத்தில். உள்பக்கம் வளைந்துகொண்டிருந்தது வெளிப்பக்கம் திரும்பும் இடம், மூலை, வளைவின் உச்சி, இவ்வளவுதான். ஜூமும் இதில் ஒரு காரணம். 600 சதவிகிதத்துக்குப் போய்விட்டால் கண்ணுக்குப் பொருள் தெரியாது, பிக்சல் படிக்கட்டுதான் தெரியும். கை அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்க ஆரம்பித்துவிடும். 200, மிஞ்சினால் 300 போதும்.

ஒரு சின்ன உதவி. புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டீர்கள், மவுஸை இன்னும் விடவில்லை என்றால் ஸ்பேஸ்பாரை அழுத்திக்கொண்டே நகர்த்துங்கள். புள்ளி கூடவே வரும்.

பாத்தே கண்ணில் படவில்லை

நீலப் பட்டுப்புடவையின் மேல் நீலக் கோடு வரைந்தால் தெரியாது. ஆப்ஷன்ஸ் பாரில் பல்சக்கரம் மாதிரி இருக்கும் பொத்தானில் கோட்டின் நிறத்தையும் தடிமனையும் மாற்றலாம். அதே இடத்தில் ரப்பர் பேண்ட் என்று ஒன்று இருக்கும். அதை டிக் செய்தால் அடுத்த கோடு எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும். கற்றுக்கொள்கிற காலத்தில் அதைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வரைந்த பாத் காணாமல் போய்விட்டது

போன வருடம் தீபாவளி வேலை நேரம். ஒரு ஆரம், அதில் தொங்குகிற முத்துகள் எல்லாவற்றையும் சுற்றி ஒரு பெண் மூன்று மணி நேரம் பாத் போட்டிருந்தாள். செலக்‌ஷன் எடுத்துப் பார்த்தாள், நன்றாக வந்திருந்தது. அடுத்து ஜிமிக்கியை வரைய ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, ஆரத்தோட பாத் காணோம்க்கா" என்று கண் கலங்க வந்து நின்றாள்.

நடந்தது இதுதான். பென் டூலில் வரைவது முதலில் "வொர்க் பாத்" என்ற பெயரில் பாத்ஸ் பேனலில் நிற்கும். அது தற்காலிகமானது. செலக்‌ஷன் எடுத்ததும் அதன் தேர்வு விலகிவிடும். அந்த நிலையில் புதிதாக ஒரு புள்ளி வைத்தால் போதும், பழைய வொர்க் பாத் அழிந்து அந்த இடத்தில் புதியது வந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. உடனே கவனித்தால் கண்ட்ரோல் இசட் தட்டியோ ஹிஸ்டரி பேனலில் பின்னால் போயோ எடுத்துவிடலாம். அவள் ஜிமிக்கியில் வெகுதூரம் போயிருந்தாள், ஹிஸ்டரியில் அவ்வளவு படிகள் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி வரைந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் ஸ்டுடியோவில் ஒரே பழக்கம். முதல் புள்ளி வைத்து இரண்டாவது புள்ளி வைத்ததும் பாத்ஸ் பேனலில் வொர்க் பாத் என்ற பெயரை டபுள் கிளிக் செய்து "ஆரம்", "ஜிமிக்கி இடது" என்று பெயர் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் வரைவதெல்லாம் அந்தப் பெயருக்குள் தானாகச் சேரும். ஒவ்வொரு பொருளுக்கும் புது பாத் பொத்தானை அழுத்தித் தனியாகத் தொடங்க வேண்டும். பாத் ஃபைலின் எடையைப் பெரிதாகக் கூட்டாது, தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். ஃபைலையும் அடிக்கடி சேமியுங்கள். கரண்ட் போய் யூபிஎஸ் காலைவாரினால் பெயர் வைத்த பாத்தும் போய்விடும்.

பாத் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைசிப் புள்ளியை அழிக்க டெலிட் தட்டினால் அந்தப் புள்ளி மட்டும் போகும். இன்னொரு முறை தட்டினால் அந்தப் பாத் முழுவதும் போய்விடும். ஒரு புள்ளியைப் பின்வாங்க கண்ட்ரோல் இசட்டே நல்லது.

பேனலில் பாத் இருக்கிறது, பெயரைக் கிளிக் செய்தும் படத்தின் மேல் மட்டும் தெரியவில்லை என்றால் கண்ட்ரோல் எச் தட்டி மறைத்திருப்பீர்கள். மறுபடி ஒருமுறை தட்டுங்கள்.

கண்ட்ரோல் என்டர் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது பொருளின் குறுக்கே நேராக வெட்டுகிறது

ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பாத் தேர்வில் இல்லை. பாத்ஸ் பேனலில் அதன் பெயரின் மேல் ஒரு கிளிக் செய்துவிட்டு மறுபடி தட்டுங்கள். கண்ட்ரோல் அழுத்தியபடி அதன் சின்னப் படத்தின் மேல் கிளிக் செய்தாலும் அதே வேலை நடக்கும்.

குறுக்கே வெட்டுகிறது என்றால் பாத் மூடப்படவில்லை. திறந்த பாத்தைச் செலக்‌ஷன் ஆக்கும்போது தொடக்கப் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் ஃபோட்டோஷாப் ஒரு நேர்க்கோட்டால் இணைத்துவிடும். சுற்றி முடித்து முதல் புள்ளிக்கு வரும்போது பென் கர்சரின் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் தெரிய வேண்டும். அது தெரியும்போது கிளிக் செய்தால்தான் மூடும்.

நடுவில் டீ குடிக்க எழுந்து போய்வந்த பிறகும் இது நடக்கும். பாத்தைத் தொடர வேண்டுமென்றால் முதலில் விட்ட இடத்தின் கடைசிப் புள்ளியின் மேல் பென்னால் ஒரு கிளிக் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் நேராக அடுத்த புள்ளியை வைத்தால் புதிய துண்டு ஒன்று தொடங்கிவிடும். பார்வைக்கு ஒரே பாத்தாகத் தெரியும், உள்ளே இரண்டு துண்டுகள், இரண்டுமே திறந்தவை. வெள்ளை அம்பால் ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால் எங்கே இணையவில்லை என்று தெரிந்துவிடும். பென்னை எடுத்து ஒரு துண்டின் முனையைக் கிளிக் செய்து, அடுத்த துண்டின் முனையையும் கிளிக் செய்தால் சேர்ந்துவிடும்.

பொருள் படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால் பாத்தை விளிம்போடு நிறுத்தாதீர்கள். எஃப் தட்டினால் படத்தைச் சுற்றிச் சாம்பல் நிற இடம் கிடைக்கும். அங்கே வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு உள்ளே வாருங்கள். விளிம்பில் ஒரு பிக்சல் இடைவெளி விட்டுப்போகும் தொல்லை இருக்காது.

பொருளுக்குப் பதில் பின்னணி தேர்வாகிறது. வளையலின் நடுவில் ஓட்டை விழவில்லை

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிற கோளாறுகள். படத்தின் நாலு ஓரத்திலும் புள்ளிக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் செலக்‌ஷன் தலைகீழாக வந்திருக்கிறது. அவசரத்துக்குக் கண்ட்ரோல், ஷிப்ட், ஐ மூன்றையும் சேர்த்துத் தட்டினால் திரும்பிவிடும். ஆனால் நாளைக்கு அதே பாத்தை எடுத்தால் மறுபடி தலைகீழாகத்தான் வரும். எனவே பாத்தையே சரி செய்யுங்கள்.

ஆப்ஷன்ஸ் பாரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சதுரங்கள் மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அதுதான் பாத் ஆபரேஷன்ஸ். ஒவ்வொரு மூடிய பாத்தும் சேர்க்க வேண்டியதா, கழிக்க வேண்டியதா என்ற குறிப்பைத் தன்னோடு வைத்திருக்கிறது. முதல் பாத்தே கழித்தலில் வரையப்பட்டிருந்தால், முழுப் படத்திலிருந்து அந்தப் பொருளைக் கழித்துவிட்டு மீதியைக் கொடுக்கும். முழுப் பாத்தையும் பிடிக்கிற கறுப்பு அம்பை எடுத்து அந்தப் பாத்தைக் கிளிக் செய்து, அந்தப் பொத்தானில் "கம்பைன் ஷேப்ஸ்" என்று மாற்றுங்கள்.

வளையலுக்கு வெளி வட்டம் ஒன்று, உள் வட்டம் ஒன்று. வெளி வட்டம் கம்பைனில் இருக்கட்டும். உள் வட்டத்தைக் கறுப்பு அம்பால் தேர்ந்து "சப்ட்ராக்ட் ஃப்ரன்ட் ஷேப்" கொடுங்கள். ஓட்டை விழுந்துவிடும். அப்படியும் விழவில்லை என்றால் வரிசையைப் பாருங்கள். நீங்கள் உள் வட்டத்தை முதலில் வரைந்து வெளி வட்டத்தைப் பிறகு வரைந்திருப்பீர்கள். முதலில் கழித்ததைப் பின்னால் வந்தது மூடிவிடுகிறது. ஆபரேஷன்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அடுக்கு வரிசைப் பொத்தானில் உள் வட்டத்தை முன்னால் கொண்டுவாருங்கள்.

இடுப்பில் கைவைத்து நிற்கும் மாடலின் கை இடுக்கு, நாற்காலிக் கால்களின் நடுவே, ஜிமிக்கியின் ஜன்னல்கள், எல்லாவற்றுக்கும் இதே முறைதான். நான் செய்வது வெளிச்சுற்றை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் ஓட்டைகளை ஒவ்வொன்றாக இடமிருந்து வலமாகப் போடுவது. வரிசை இருந்தால் எதுவும் விட்டுப்போகாது. ஜிமிக்கியில் ஒரு ஓட்டையில் மட்டும் பழைய பின்னணி வெள்ளை தங்கிவிட்டால் அச்சில் அது கண்ணை உறுத்தும். கடைக்காரர் முதலில் அதைத்தான் காட்டுவார்.

ஓரம் மங்கலாக வருகிறது, அல்லது 50 சதவிகிதம் பற்றி ஒரு எச்சரிக்கை வருகிறது

பாத் கூர்மையாக இருக்கிறது, செலக்‌ஷன் மட்டும் பஞ்சு மாதிரி இருக்கிறது. இதற்குக் காரணம் ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர். பாத்ஸ் பேனலில் பாத்தின் மேல் ரைட் கிளிக் செய்து "மேக் செலக்‌ஷன்" திறந்து பாருங்கள். ஃபெதர் ரேடியஸில் 10, 20 என்று ஏதாவது நிற்கும். எப்போதோ நிழல் போடக் கொடுத்த எண் அது. அந்தப் பெட்டியில் கடைசியாகக் கொடுத்ததைத்தான் பேனலின் செலக்‌ஷன் பொத்தானும் எடுத்துக்கொள்கிறது. 0 கொடுங்கள். ஆன்டி அலியஸ் டிக்கில் இருக்கட்டும். அதை எடுத்துவிட்டால் ஓரம் படிக்கட்டாக வெட்டுப்படும்.

தேர்வான பிக்சல் எதுவும் 50 சதவிகிதத்துக்கு மேல் இல்லை, செலக்‌ஷன் ஓரம் தெரியாது என்ற எச்சரிக்கையும் இதே குடும்பம்தான். மூக்குத்தி மாதிரி சின்னப் பொருளுக்குப் பெரிய ஃபெதர் இருந்தால் நடுப்பகுதிகூடப் பாதிக்கு மேல் தேர்வாகாது.

நான் நகைக்கு 0 அல்லது 0.5 வைக்கிறேன். துணிக்கு 0.5லிருந்து 1 வரை. படத்திலேயே ஓரம் ஃபோகஸ் இல்லாமல் மென்மையாக இருந்தால் வெட்டும் அங்கே மென்மையாக வேண்டும், கூர்மையாக வெட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். ஒரே பொருளில் முன்பக்கம் கூர்மை, பின்பக்கம் மென்மை என்றால் லேயர் மாஸ்க் (வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) போட்டு, பின்பக்க ஓரத்தை மட்டும் ப்ளர் டூலால் லேசாகத் தடவுங்கள்.

வெட்டிய பிறகு ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது

வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை மெரூன் பின்னணியில் வைத்ததும் இது பல்லைக் காட்டும். பாத் பொருளின் ஓரத்துக்கு வெளியே போயிருக்கிறது. சரியாக ஓரத்தின் மேலேயே வரைந்திருந்தாலும் வரும், ஏனென்றால் ஓரத்துப் பிக்சல்களில் பொருளின் நிறமும் பின்னணியின் நிறமும் கலந்தே இருக்கும். எனவே ஓரத்திலிருந்து ஒன்று, ஒன்றரை பிக்சல் உள்ளே வரையுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம், ஒரு பிக்சல் தங்கம் குறைந்தால் யாருக்கும் தெரியாது, ஒரு பிக்சல் வெள்ளை கூடினால் எல்லோருக்கும் தெரியும்.

வரைந்து முடித்தாகிவிட்டது என்றால், லேயர் மாஸ்க்கைத் தேர்ந்துகொண்டு ஃபில்டர் மெனுவில் அதர் என்பதற்குள் இருக்கும் "மினிமம்" எடுத்து 1 கொடுங்கள். மாஸ்க்கில் பொருளைக் காட்டும் வெள்ளைப் பகுதி சுற்றிலும் ஒரு பிக்சல் சுருங்கும். மாஸ்க் இல்லாமல் வெட்டியே எடுத்துவிட்ட லேயர் என்றால் லேயர் மெனுவில் மேட்டிங், அதற்குள் "டிஃப்ரிஞ்ச்", 1 பிக்சல்.

சில படங்களில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஓரமே தெரியாது. வெள்ளித் தட்டின் பளபளப்பு வெள்ளைத் துணியோடு கரைந்திருக்கும். அப்போது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, படம் அசிங்கமாகத் தெரியும் அளவுக்கு இருட்டாக்குங்கள். ஒளிந்திருந்த ஓரம் வெளியே வரும். பாத் வரைந்து முடித்ததும் அந்த லேயரை அழித்துவிடலாம். கறுப்புப் பின்னணியில் கறுங்கூந்தல் என்றால் இதையே வெளிச்சமாக்கிப் பாருங்கள்.

தலைமுடியும் மல்லிகைப்பூவும் அட்டை மாதிரி வெட்டுப்படுகின்றன

இதற்குப் பென் டூல் சரியான கருவி இல்லை. முகம், தோள், புடவை மடிப்பு, கை எல்லாவற்றையும் பென்னால் வரையுங்கள். கூந்தல், பூச்சரத்தின் ஓரம், முந்தானைக் குஞ்சம் வரும் இடங்களில் பாத்தை உள்ளே தள்ளித் தாராளமாகப் போடுங்கள். செலக்‌ஷன் எடுத்த பிறகு "செலக்ட் அண்ட் மாஸ்க்" திறந்து, ரிஃபைன் எட்ஜ் பிரஷால் அந்த இடங்களில் மட்டும் தடவுங்கள். புடவை ஓரத்தில் அந்த பிரஷ் படக்கூடாது, பட்டால் பென்னால் எடுத்த சுத்தமான ஓரம் கெட்டுவிடும்.

டெலிட் தட்டினால் பின்னணி போகாமல் வேறு நிறம் வருகிறது

லேயர் "பேக்ரவுண்ட்" என்று பூட்டுப் போட்டு நிற்கிறது. பூட்டைக் கிளிக் செய்து திறங்கள். அதைவிட, டெலிட்டே செய்யாதீர்கள். செலக்‌ஷன் இருக்கும்போது மாஸ்க் பொத்தானை அழுத்தினால் பின்னணி மறையும், அழியாது. கடைக்காரர் நாலு நாள் கழித்து நிழலோடு வேண்டும் என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க அந்த மாஸ்க்தான் வழி.

கிம்ப்பில் வேலை செய்கிறவர்களுக்கு

அங்கே டூலின் பெயர் பாத்ஸ், கீ P அல்ல, B. முதல் புள்ளியைக் கிளிக் செய்தும் பாத் மூடவில்லை என்று பலர் சொல்வார்கள். கண்ட்ரோல் அழுத்தியபடி கிளிக் செய்ய வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் வளைவே வரவில்லை என்றால் டூல் ஆப்ஷன்ஸில் "பாலிகோனல்" டிக்கில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள். செலக்‌ஷன் ஆக்க வெறும் என்டர் போதும். ஷிப்ட் என்டர் இருக்கும் செலக்‌ஷனோடு சேர்க்கும், கண்ட்ரோல் என்டர் கழிக்கும். ஃபோட்டோஷாப் பழக்கத்தில் கண்ட்ரோல் என்டர் தட்டிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று தவிக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

பாத்தோடு அனுப்பினேன், பிரஸ்ஸில் பாத் இல்லை என்கிறார்கள்

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் பிரஸ்ஸுக்குக் கேட்லாக் போகும்போது வருகிற கோளாறு. பாத் ஜேபெக், டிஃப், பிஎஸ்டி ஆகிய மூன்று ஃபைல் வகைகளிலும் சேர்ந்து போகும். பிஎன்ஜியில் போகாது. வாட்சாப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிப் புதிதாக எழுதிவிடும், பாத் அங்கேயே உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், ஃபைல் அப்படியே போகும்.

பாத் போய்ச் சேர்ந்தும் லேஅவுட்டில் வெள்ளைப் பின்னணி தெரிகிறது என்றால், அது பெயர் வைத்த பாத்தாக மட்டும் இருக்கிறது, பொருளை மட்டும் காட்டிப் பின்னணியை மறைக்கச் சொல்லும் கிளிப்பிங் பாத்தாக இல்லை. பாத்ஸ் பேனலின் மெனுவில் "கிளிப்பிங் பாத்" எடுத்து உங்கள் பாத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். வொர்க் பாத் அந்தப் பட்டியலில் வராது, பெயர் வைத்ததுதான் வரும். ஃபிளாட்னஸ் (அச்சில் வளைவு எவ்வளவு துல்லியமாக வர வேண்டும் என்ற எண்) கேட்கும் இடத்தைக் காலியாக விடலாம். அச்சில் வளைவுகள் உடைந்த கோடுகளாக வந்தால் மட்டும் எண் கொடுத்துப் பாருங்கள். 1200லிருந்து 2400 டிபிஐ வரை எடுக்கும் இயந்திரத்துக்கு 8லிருந்து 10, 300லிருந்து 600 டிபிஐ வரை என்றால் 1லிருந்து 3. எந்த இயந்திரத்தில் ஓட்டப்போகிறார்கள் என்று பிரஸ்ஸில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு எண்ணை வையுங்கள்.